வீட்டுப் பராமரிப்புப் பணிக்குப் பகிர்வு மின் மிதிவண்டிகள்: சேன் பியேரில் நடைமுறைக்கு ஒத்துவருமா?

தென்கரைவாசி (சேன் பியேர், இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியன்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். முதியோருக்கும் நோயுற்றோருக்கும் அவரவர் வீட்டிலேயே உதவி செய்யும் ஒரு சிறிய சங்கத்தின் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். எங்கள் பெண்கள் எந்த வீட்டிற்கு எந்த நேரத்தில் செல்ல வேண்டும் என்ற வார அட்டவணையை வகுப்பது என் பொறுப்பு. காலையில் ஒருவரைக் குளிப்பாட்டிச் சிற்றுண்டி கொடுப்பது, பிறகு வேறொரு வீட்டில் சமையல், மதியம் இன்னொரு வீட்டில் மருந்தை நினைவூட்டிக் கொஞ்ச நேரம் துணையாக இருப்பது என்று ஒரே நாளில் நான்கைந்து வாசல்களை அவர்கள் மிதிக்கிறார்கள். ஒரு வீட்டிற்கும் அடுத்த வீட்டிற்கும் இடையே பெரும்பாலும் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் இருக்கும். அந்தத் தொலைவை நடந்து கடக்க நேரம் போதாது. காரை எடுத்தாலோ, நகர மையத்தில் அதை நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. பேருந்து நேரங்கள் எங்கள் அட்டவணையோடு பொருந்துவதில்லை. ஓட்டுநர் உரிமம் இல்லை என்ற ஒரே காரணத்தால், முதியவர்களிடம் பொறுமையாகவும் அன்பாகவும் நடந்துகொள்ளக்கூடிய பெண்களை வேலைக்கு எடுக்க முடியாமல் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது என்பதுதான் என்னை எல்லாவற்றையும் விட அதிகமாக வருத்துகிறது.

இந்நிலையில் சில மின் மிதிவண்டிகளை வாங்கி அலுவலகத்தில் வைத்து, பணியாளர்கள் முறைவைத்துப் பயன்படுத்தலாம் என்ற யோசனை நிர்வாகக் குழுவில் எழுந்துள்ளது. என் கருத்தை எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். விற்பனையாளர்கள் சொல்வதைக் கேட்டு எழுத எனக்கு விருப்பமில்லை. ராவின் பிளான்ஷ், தேர் சேன்த் போன்ற கடலோரப் பகுதிகளுக்கு ஒத்துவரும் வண்டி ராவின் தே காப்ரி மேட்டுக்கும் ஒத்துவருமா? ஐம்பதை நெருங்கும் பணியாளர்களால் நாள் முழுவதும் இதை ஓட்ட முடியுமா? வழியில் விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? பலர் கைமாறும் வண்டி எத்தனை நாள் தாங்கும்? இத்தகைய ஏற்பாட்டில் நேரடி அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

வாசல்தோறும் (சேன் தெனி) எழுதுகிறார்:

அக்கா, வணக்கம். நானும் வீட்டுப் பராமரிப்புப் பணியில்தான் இருக்கிறேன். எங்கள் அமைப்பில் மின் மிதிவண்டிகளைப் பகிர்ந்தே பயன்படுத்துகிறோம். நகர மையத்திலும் சேன்த் குளோதில்தின் சமமான தெருக்களிலும் இது மிகச் சிறப்பாக நடைபெறுகிறது. காரைவிட முன்னதாகவே வாசலில் போய் நிற்கிறோம். முஃபியா மேட்டுக்கும் சேன் பிரான்சுவா பக்கத்துக்கும் மட்டும் இன்றளவும் கார்தான் செல்கிறது. அதை மாற்ற யாரும் முயலவில்லை, முயலவும் வேண்டாம் என்பது என் எண்ணம்.

நீங்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது, வண்டி எதனோடு கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்பதைத்தான். தொடக்கத்தில் எங்களிடம் யார் வேண்டுமானாலும் எந்த வண்டியை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற ஏற்பாடு இருந்தது. அதில் எந்த வண்டிக்கும் சொந்தக்காரர் இல்லை. மாலையில் களைத்து வந்தவர் பேட்டரியைச் சார்ஜில் போடாமல் சென்றுவிட்டால், மறுநாள் காலை ஆறரை மணிக்கு வருபவருக்கு வெற்று வண்டிதான் கிடைக்கும். அங்கே ஒரு மூதாட்டி எழுந்து உட்கார முடியாமல் அவருக்காகக் காத்துக்கொண்டிருப்பார். இப்போது ஒவ்வொரு வண்டியும் ஒரு குறிப்பிட்ட பகுதியின் சுற்றுக்கு உரியது. அந்தச் சுற்றில் செல்பவர்கள் இரண்டு மூன்று பேர் மட்டுமே அதை எடுக்கிறார்கள். ஆகவே யார் எப்படி விட்டுச் சென்றார் என்பது அவர்களுக்குள்ளேயே தெரிந்துவிடுகிறது. சாவியும் பேட்டரியும் அலுவலகத்தில் ஒருவரின் கண்காணிப்பில் இருக்கின்றன. அந்த ஒருவருக்கு இதற்கென்று வேலை நேரத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இதை ஒரு சிறிய விஷயமாக எண்ணிவிடாதீர்கள். நேரம் ஒதுக்கப்படாத பொறுப்பு பெயருக்குத்தான் இருக்கும்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்களில் ஐம்பதைக் கடந்தவர்கள் நன்றாகவே ஓட்டுகிறார்கள். அவர்களுக்குக் கடினமாக இருப்பது மிதிப்பது அன்று; ஏறி இறங்குவதும், கனமான வண்டியைப் படியேற்றி உள்ளே வைப்பதும்தான். மின் மிதிவண்டி இருபத்தைந்து கிலோ அளவுக்கு எடை கொண்டது. முதியவரைத் தூக்கி அமர்த்திக் களைத்த முதுகு மறுபடியும் இதைத் தூக்கக் கூடாது. ஆகவே நடுக்கம்பி தாழ்ந்த சட்டகத்தையே வாங்குங்கள். சேலையோ நீண்ட பாவாடையோ அணிபவர்களுக்கும் அதுவே ஏற்றது. இருக்கையின் உயரத்தைக் கருவியின்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும், ஏனெனில் பகிர்வு வண்டியில் காலையில் ஏறுபவர் வேறு, மாலையில் ஏறுபவர் வேறு. ஒவ்வொரு வீட்டிலும் வண்டியை எங்கே பூட்டி நிறுத்துவது என்பதை முன்கூட்டியே கேட்டு அட்டவணையில் குறித்துவிடுங்கள்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. நனைந்த உடையோடு நோயாளியின் அறைக்குள் நுழைய முடியாது. மழை மேலாடையும் கால்சட்டையும் மட்டும் போதாது. மாற்றுடைக்கு நீர் புகாத பையும் வேண்டும். தலைக்கவசத்தைப் பகிராதீர்கள், ஆளுக்கு ஒன்று கொடுங்கள்.

சம்பளக்கணக்கர் (லெ போர்) எழுதுகிறார்:

விபத்துப் பொறுப்பு குறித்த கேள்விக்கு, ஊதியப் பிரிவில் பணியாற்றுபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

ஒரு பயனாளியின் வீட்டிலிருந்து அடுத்த பயனாளியின் வீட்டிற்குச் செல்லும் நேரம் வேலை நேரமே. அங்கே நேரும் விபத்து பணி விபத்தாகும். தன் வீட்டிலிருந்து முதல் பணியிடத்திற்குச் செல்லும்போதும் கடைசிப் பணியிடத்திலிருந்து வீடு திரும்பும்போதும் நேர்வது வேலைக்கான பயண விபத்து. பிரெஞ்சுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இரண்டையும் தனித்தனியாக வரையறுக்கிறது. எந்த வண்டியில் சென்றார் என்பதால் இந்த உரிமை மாறுவதில்லை. வழக்கமான பாதையிலிருந்து விலகினால் மட்டுமே சிக்கல் எழும். குழந்தையைப் பள்ளியில் விடுவது, ரொட்டி வாங்குவது போன்ற அன்றாட வாழ்வின் இன்றியமையாத தேவைகளுக்காகச் செய்யும் சிறு விலகலைச் சட்டம் ஏற்கிறது. ஆகவே வண்டியை வீட்டிற்கு எடுத்துச் செல்ல அனுமதிக்கிறீர்களா, சொந்த வேலைக்கும் பயன்படுத்தலாமா என்பதைத் தெளிவாக எழுதி இருதரப்பும் கையொப்பமிடுங்கள். விபத்து நேர்ந்தால் பணியாளர் 24 மணி நேரத்திற்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் 48 மணி நேரத்திற்குள் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்திற்கு அறிவிக்க வேண்டும்.

வண்டி சட்டப்படி மிதிவண்டியாகவே இருக்க வேண்டும் என்பதை வாங்கும்போதே உறுதிசெய்யுங்கள். மோட்டார் தொடர்ந்து தரக்கூடிய திறன் 250 வாட்டுக்கு மேற்படக் கூடாது, மிதித்தால் மட்டுமே உதவி கிடைக்க வேண்டும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் உதவி நின்றுவிட வேண்டும். இந்த வரம்பைக் கடந்தால் அது மோட்டார் வாகனமாகிறது. பதிவு எண்ணும் கட்டாயக் காப்பீடும் தேவைப்படும். இந்த வேக வரம்பை நீக்கித் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. அப்படிச் செய்வது குற்றம். அதைவிட முக்கியமான ஒன்று, ஒரு கார் மோதினால் 1985 ஜூலை 5ஆம் நாள் சட்டம் மிதிவண்டி ஓட்டுபவரைப் பாதசாரியைப் போலப் பாதுகாக்கிறது. வண்டியை மாற்றியமைத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு கேள்விக்குள்ளாகும்.

நிர்வாகத்தின் கடமைகளும் உண்டு. பணியிட இடர் மதிப்பீட்டு ஆவணத்தில் மிதிவண்டிப் பயணத்தைச் சேர்க்க வேண்டும். தலைக்கவசம், மழை உடை, ஒளிரும் மேலாடை ஆகியவற்றைப் பணியாளரின் சம்பளத்தில் பிடிக்காமல் நிறுவனமே தர வேண்டும். வயது வந்தோருக்குத் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும், பணிக்காக ஓட்டுபவருக்கு உள்விதியில் அதைக் கட்டாயமாக்குவதே சரி. ஒளிரும் மேலாடை, குடியிருப்பு எல்லைக்கு வெளியே இரவிலும் வெளிச்சம் குறைந்த வேளையிலும் சட்டப்படியே கட்டாயம். ஜூன், ஜூலை மாதங்களில் இங்கே மாலை ஆறு மணியளவிலேயே இருட்டிவிடுவதால், கடைசிச் சுற்றில் செல்பவர்களுக்கு இது வெறும் சம்பிரதாயம் அன்று.

இன்னொன்று. உங்கள் ஊரில் பொது மிதிவண்டி வாடகைச் சேவையில் மாதச் சந்தா செலுத்தி, வேலைக்கு வந்து போகும் பணியாளர் யாரேனும் இருந்தால், பேருந்துச் சந்தாவைப் போலவே அதிலும் பாதியை நீங்கள் ஏற்க வேண்டும். 2009 முதல் இது நடைமுறையில் உள்ளது. இருந்தும் பல சிறு சங்கங்கள் இதை அறியாமலே இருக்கின்றன.

கரும்புக்காட்டுப்பாதை (புவா தொலிவ்) எழுதுகிறார்:

மேலே எழுதியவர்கள் சொன்னதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் யாரும் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது. சொந்தக் காரில் செல்லும் பணியாளருக்குக் கிலோமீட்டர் கணக்கில் ஒரு தொகை கிடைக்கிறது. குறைந்த ஊதியம் பெறும் பெண்களுக்கு அந்தத் தொகை பெட்ரோலுக்கு மட்டும் போவதில்லை. காரின் காப்பீட்டிற்கும் பழுதுபார்ப்பதற்கும் அதுவே கைகொடுக்கிறது. சங்கத்தின் மிதிவண்டியில் ஏறிய நாளிலிருந்து அது நின்றுவிடும், ஆனால் பிள்ளைகளுக்காகவும் வயதான பெற்றோருக்காகவும் காரை அவர்கள் வைத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். சங்கத்திற்கு மிச்சமாகும் பணம் அவர்களுடைய கையிலிருந்து போகிறது என்றால், அதை நான் சீர்திருத்தம் என்று ஏற்கமாட்டேன். விருப்பமுள்ளவர்கள் மட்டுமே எடுக்கலாம், மறுப்பவரின் சுற்று நேரங்கள் குறைக்கப்படமாட்டா என்று எழுத்தில் உறுதியளிக்கச் செய்யுங்கள்.

அட்டவணையும் மாற வேண்டும். நகருக்குள் மூன்று கிலோமீட்டரை மின் மிதிவண்டியில் கடக்கப் பன்னிரண்டு நிமிடங்கள் போதும் என்றாலும், பூட்டைத் திறக்கவும் பூட்டவும், தலைக்கவசத்தைக் கழற்றவும், முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே செல்லவும் சேர்த்தால் கால் மணி நேரத்திற்கு மேலாகிறது. இப்போது ஐந்து நிமிடம் என்று காகிதத்தில் இருப்பதை அப்படியே விட்டால், அவசரத்தில் சிவப்பு விளக்கைத் தாண்டுபவர் உங்கள் பணியாளராக இருப்பார்.

நான் வாழும் பகுதியில் ஜூலை முதல் டிசம்பர் வரை கரும்பு வெட்டுக் காலம். அப்போது கரும்பு ஏற்றிய பெரிய லாரிகள் ஓரம் இல்லாத சாலைகளில் வரிசையாகச் செல்லும். சாலையில் சிதறிய கரும்புச் சக்கையும் மண்ணும் மழைத் தூறலில் வழுக்கும். அந்த மாதங்களில் லீஞ் பாராதி பக்கத்துச் சுற்றுகளுக்குக் காரையே ஒதுக்குங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். சாலையின் நீளத்தையும் சரிவையும் வரைபடம் காட்டும், லாரிகளைக் காட்டாது.

தென்கரைவாசி எழுதுகிறார்:

அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. கிலோமீட்டர் தொகையைப் பற்றிக் கூறியதை இதுவரை எங்கள் குழுவில் ஒருவரும் எழுப்பவில்லை. அதை என் குறிப்பின் முதல் பத்தியிலேயே வைக்கப் போகிறேன். சுற்றோடு வண்டியைக் கட்டுவது என்ற யோசனையும் எங்களுக்கு நன்கு பொருந்துகிறது, ஏனெனில் தேர் சேன்த், ராவின் பிளான்ஷ், நகர மையம் ஆகிய மூன்றும் ஏற்கெனவே தனித்தனிச் சுற்றுகளாகவே உள்ளன. ராவின் தே காப்ரி மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. அங்கு வாழும் ஒரு பணியாளர் தாமாகவே முன்வந்து வண்டி கேட்கிறார். பேட்டரி தாங்குமா என்பதையும், எத்தகைய மோட்டார் தேவை என்பதையும் யாரேனும் விளக்க இயலுமா?

பல்சக்கரம் (லெ தாம்போன்) எழுதுகிறார்:

அம்மா, மிதிவண்டி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் நான். அன்றாடம் சேன் பியேருக்கும் லெ தாம்போனுக்கும் இடையே ஏறி இறங்கும் வண்டிகள்தான் என் பட்டறைக்கு வருகின்றன. ஆகவே மேட்டைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும்.

மிகக் கடினமான ஏற்றத்தையே கணக்காக எடுத்துக்கொள்வோம். கடற்கரையிலிருந்து லெ தாம்போன் நகர மையம் ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொலைவு சுமார் பத்துக் கிலோமீட்டர். ஓட்டுபவர், வண்டி, பை எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்றால், அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் 160 வாட்மணிக்கு (பேட்டரியின் ஆற்றலை அளக்கும் அலகு) சற்று அதிகமான ஆற்றல் வேண்டும். மோட்டாரில் வெப்பமாக வீணாவதையும் எதிர்க்காற்றையும் கூட்டி, மிதிப்பவரின் காலிலிருந்து வரும் பங்கைக் கழித்தால், பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 200 வாட்மணி செலவாகும் என்று வைத்துக்கொள்ளலாம். 500 வாட்மணி பேட்டரியில் அது ஐந்தில் இரண்டு பங்கு. ராவின் தே காப்ரி அதைவிடத் தாழ்வாக இருப்பதால், ஒரு நாளில் ஒருமுறை ஏறி, மேட்டிலேயே சில வீடுகளைச் சுற்றி, இறங்குவதற்கு அத்தகைய பேட்டரி தாராளமாகப் போதும். இருமுறை ஏற வேண்டிய நாளில் இடையில் சார்ஜ் செய்ய வேண்டியிருக்கலாம். கடலோரச் சமவெளியில் கிலோமீட்டருக்குப் பத்து வாட்மணி என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், இருபது கிலோமீட்டர் சுற்றுக்குப் பாதிப் பேட்டரிகூட ஆகாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்கில் வீசும் பலத்த காற்றை எதிர்த்துச் செல்லும் நாள்களில் மட்டும் இந்தக் கணக்கு பொய்க்கும்.

மோட்டாரைப் பொறுத்தவரை, மேட்டுச் சுற்றுக்கு மிதிகட்டைக்கு நடுவே பொருத்தப்பட்ட மோட்டாரையே வாங்குங்கள். சக்கரத்தின் அச்சில் இருக்கும் மோட்டார் விலை குறைவு, சமவெளிக்கு அதுவே போதும். ஆனால் நீண்ட ஏற்றத்தில் மெதுவாகச் சுழலும்போது அது சூடேறித் திறனை இழக்கிறது. நடு மோட்டார் கியர் வழியாகவே இழுப்பதால் அந்தத் தொல்லை இல்லை. அதற்கு ஈடாகச் செயின் விரைவில் தேய்கிறது. பகிர்வு வண்டியில், நின்ற இடத்திலிருந்து கனத்த கியரிலேயே மிதித்துக் கிளம்புபவர்கள் இருப்பதால் இன்னும் விரைவாகத் தேய்கிறது. செயின் தேய்மானத்தை அளக்கும் சிறு கருவியை அலுவலகத்தில் வைத்திருந்தால், பல்சக்கரங்கள் கெடுவதற்கு முன்பே செயினை மட்டும் மாற்றிச் செலவைக் குறைக்கலாம்.

எல்லோரும் ஏற்றத்தைப் பற்றியே கேட்கிறார்கள்; என்னை அஞ்ச வைப்பது இறக்கம். பெரும்பாலான மின் மிதிவண்டிகளில் இறங்கும்போது மோட்டார் வேகத்தைக் குறைப்பதில்லை. முழு எடையையும் பிரேக் கட்டைகளே தாங்குகின்றன. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் தட்டுப் பிரேக் இல்லாத வண்டியை மேட்டிற்கு அனுப்பாதீர்கள். ஒரே பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்காமல், இரண்டையும் விட்டு விட்டு அழுத்தி இறங்கும் முறையை வெற்றுச் சாலையில் ஒவ்வொருவருக்கும் பழக்கிய பிறகே வேலைக்கு அனுப்புங்கள். முன்வந்து கேட்கும் அந்தப் பணியாளருக்கும் இது பொருந்தும். மேட்டு வண்டியின் பிரேக் கட்டைகளை மாதம் ஒருமுறை யாரேனும் பார்க்க வேண்டும். கடலோர வண்டிக்கு அவ்வளவு அடிக்கடி தேவைப்படாது.

பலர் கைமாறினால் வண்டி தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். பராமரித்தால் தாங்கும். பாரிசில் 2018இல் வெலிப் என்னும் பொது மிதிவண்டி வாடகைச் சேவை புதிய நிறுவனத்திடம் மாறியபோது, பல நிலையங்களுக்கு மின் இணைப்பே வந்து சேராததால் மின் வண்டிகளைச் சில காலம் விலக்கி வைக்க வேண்டியதாயிற்று. அத்தனை பெரிய நகரத்திற்கே அந்த நிலை வந்தது. ஆகவே வண்டிகள் வருவதற்கு முன்பே மின் செருகிகளும் பூட்டும் கம்பிகளும் தயாராக இருக்கட்டும். கடற்காற்றின் உப்பு பூட்டையும் கேபிளையும் அரிக்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துணியை நனைத்துத் துடையுங்கள், அழுத்தக் குழாயால் அடிக்காதீர்கள், அது அச்சுகளுக்குள் நீரைத் தள்ளிவிடும். 2021 முதல் கடையில் விற்கப்படும் ஒவ்வொரு புதிய மிதிவண்டியிலும் அடையாள எண் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். அதைச் சங்கத்தின் பெயரில் பதிவு செய்யத் தவறாதீர்கள்.

பேட்டரியை வெயிலில் நிறுத்திய காருக்குள் விடக் கூடாது. வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறொன்றைப் பொருத்தக் கூடாது. சார்ஜ் செய்யும் இடம் தரை ஓடு போட்ட, காற்றோட்டமுள்ள அறையாக இருக்கட்டும். வெளியேறும் வழியிலோ துணிமணிகள், காகிதக் கட்டுகள் அருகிலோ வேண்டாம். சூடாக இருக்கும் பேட்டரியை உடனே செருகாமல், ஆறிய பிறகு செருகச் சொல்லுங்கள். ஒரு முழு சார்ஜுக்கான மின்கட்டணம் சில சென்ட்டுகள்தான். ஆனால் பேட்டரியே பல நூறு யூரோ மதிப்புள்ளது, அதை எத்தனை ஆண்டு காப்பாற்றுகிறீர்கள் என்பதே செலவைத் தீர்மானிக்கும்.

புயல் காலத்திற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். புயலுக்கான முதற்கட்ட மஞ்சள் எச்சரிக்கை வந்தவுடனேயே வண்டிகளை அலுவலகத்திற்குள் கொண்டுவந்து, பேட்டரிகளைக் கழற்றித் தரைமட்டத்திற்கு மேலே அலமாரியில் வையுங்கள். 2024 ஜனவரியில் பெலால் புயலிலும் 2025 பிப்ரவரியில் கராஞ்ஸ் புயலிலும் தண்ணீர் எவ்வளவு வேகமாக உள்ளே புகுந்தது என்பது நம் அனைவருக்கும் தெரியும். சிவப்பு எச்சரிக்கையில் யாரும் வெளியே செல்ல முடியாது. அது நீங்கிய பிறகும் சாலைகளில் மரக்கிளைகளும் அறுந்த மின்கம்பிகளும் கிடக்கும் என்பதால், ஊர் துப்புரவாகும் வரை மிதிவண்டிச் சுற்றுகளைக் காரில் நடத்தும் மாற்று அட்டவணை ஒன்றை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். நீரில் மூழ்கிய பேட்டரி உலர்ந்தபின் வேலை செய்வதுபோல் தோன்றினாலும் அதைச் சார்ஜில் போட வேண்டாம். தனியாக வெளியே வைத்து, விற்ற கடைக்குத் தெரிவியுங்கள்.